குண்டல்பேட்டை தாண்டுவதற்கு முன்: ஆல்டர்னேட்டர் மாற்றுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மைசூரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வர முக்கியமாக இரண்டு காட்டு வழிகள். நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை, பந்திப்பூர் வழியாகக் கூடலூரும் ஊட்டியும் ஒன்று. சாமராஜநகர், ஆசனூர், திம்பம் வழியாகப் பண்ணாரியும் சத்தியமங்கலமும் இன்னொன்று. இரண்டிலும் இரவுத் தடை உண்டு. பந்திப்பூரில் இரவு 9 மணிக்கு கேட்டைச் சாத்தினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். 2009-லிருந்து இப்படித்தான். ஆல்டர்னேட்டர் பற்றிப் பேச வந்துவிட்டுக் காட்டு கேட்டைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரி விளக்கு எரிந்த வண்டியோடு மணியைப் பார்த்துக்கொண்டே மெக்கானிக் முன்னால் நிற்பவர், அவர் நீட்டும் எதையும் வாங்கிவிடுவார்.

எல்லோரும் கேட்கிற கேள்வி, 'புதுசு போடலாமா, ரீகண்டிஷன் போடலாமா?' அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. உள்ளே எது போச்சு? ஏன் போச்சு? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் எதைப் போட்டாலும் ஆறு மாதத்தில் அதே கடைக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ஆல்டர்னேட்டர் என்பது பெல்ட்டில் சுற்றும் சின்ன மின்நிலையம். நடுவில் சுற்றுவது ரோட்டர். அதைச் சுற்றி நிலையாக இருப்பது ஸ்டேட்டர் காயில். இதில் பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். சிவனசமுத்திரம் மின்நிலையத்தில் 1902-ல் பிறந்த அதே வகை மின்சாரம் கோலார் தங்க வயலுக்குச் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் அப்படியே போனது. ஆனால் கார் பேட்டரிக்கு அது ஆகாது, நேர்திசையாக மாற்றித் தர வேண்டும். அதற்குத்தான் டயோடு பிளேட். வோல்டேஜை அளவோடு வைக்க ரெகுலேட்டர், ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்க இரண்டு கார்பன் பிரஷ், இரு முனையிலும் பேரிங். இவற்றில் எது ஒன்று போனாலும் டாஷ்போர்டில் எரிவது அதே சிவப்பு விளக்குதான்.

வழியில் விளக்கு எரிந்தால்

வேண்டும்: ஏசி, ப்ளோயர், பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் உடனே அணையுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் மோட்டார் மிச்சமிருக்கும் சார்ஜில் பெரும்பங்கை ஒரே இழுப்பில் குடித்துவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு: விளக்கோடு சேர்ந்து ஸ்டியரிங்கும் கனத்து, டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது. பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அப்போது உடனே ஓரங்கட்டி அணைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் செலவோடு ஹெட் கேஸ்கெட் செலவும் சேரும்.

வேண்டும்: தூரத்தைக் கணக்குப் போடுங்கள். கார்களில் பொதுவாக இருப்பது 35 முதல் 60 ஆம்பியர்-மணி பேட்டரி. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியோ காமன் ரெயில் டீசலோ, பம்ப், ஈ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்), ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் சேர்ந்து பத்து பதினைந்து ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் போட்டால் இன்னொரு பத்து. மழையென்றால் வைப்பர் வேறு. பேட்டரி பாதி காலியானதும் வோல்டேஜ் சரிந்து இன்ஜின் திக்க ஆரம்பிக்கும். பகலில் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம், இரவில் அதில் பாதி. மைசூரிலிருந்து நஞ்சன்கூடு 25 கிலோமீட்டருக்குள், குண்டல்பேட்டை ஏறக்குறைய 60. நஞ்சன்கூட்டுக்கு இந்தப் பக்கம் விளக்கு எரிந்தால் வண்டியைத் திருப்பி மைசூருக்கே வந்துவிடுங்கள். அதைத் தாண்டிவிட்டால் குண்டல்பேட்டையில் நிறுத்துங்கள், அங்கே லாட்ஜும் உண்டு, மெக்கானிக்கும் உண்டு.

கூடாது: 'கூடலூர் போய்ப் பார்த்துக்கலாம்' என்று காட்டுக்குள் நுழையக் கூடாது. புலிகள் காப்பகத்துக்குள் வண்டியை நிறுத்தவே அனுமதி இல்லை. மெக்கானிக்குக்கு அங்கே எங்கே போவது? பழைய பொலிரோ போல மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் வண்டிகள் கிட்டத்தட்ட காலி பேட்டரியிலும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் ஹெட்லைட் மங்கிய வண்டியை யானை நடமாடும் ரோட்டில் ஓட்டிக்கொண்டு போவதை வீரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெங்களூர் மைசூர் விரைவுச் சாலையில் நின்றுவிட்டால் நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணைக் கூப்பிடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

கழற்றும் முன்

இதுதான் நிதானிக்க வேண்டிய இடம். நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப்போட்டுப் புதுசு மாட்டிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர்.

வேண்டும்: மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் அணைந்து கொஞ்ச நேரம் ஆன பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்திப் பிடித்தால் 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்ட பிறகும் 13.5-க்குக் குறையாமல் நின்றால் ஆல்டர்னேட்டர் மேல் பழி போட இடமில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போச்சு. பேட்டரி கொதிக்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடுத்தடுத்து போகும். மீட்டரை மாறுதிசைக்கு மாற்றி அதே பேட்டரியில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கிறது. இந்தக் கடைசிச் சோதனையைச் செய்து பார்க்கிற எலக்ட்ரீஷியன் கிடைத்தால் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டும்: சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யும் முன், அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் ரோட்டருக்கு முதல் கரண்ட் போகிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலோ, அந்த ஒயர் அறுந்தாலோ ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் செய்யாது. சில வண்டிகளில் ஒருமுறை நன்றாக ரேஸ் செய்தால் பிடித்துக்கொள்ளும். சில்லறைக் காசு பல்புக்காக முழு ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டிகள் உண்டு.

வேண்டும்: ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த பி பிளஸ் ஸ்டட்டிலும் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மீட்டரின் இரண்டு முனைகளை வைத்து, லோடோடு அளக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இடையில் உள்ள கேபிளோ லக்கோ அரித்திருக்கிறது. பேட்டரி பக்கத்துப் பெட்டியில் திருகி வைத்திருக்கும் பெரிய ஃபியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது ஜம்பர் கேபிளைத் தலைகீழாகக் கொடுத்திருந்தால் முதலில் போவது அதுதான், கூடவே டயோடுகளும் போகலாம்.

வேண்டும்: பெல்ட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள், இன்ஜின் நின்ற பிறகு. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் அது வழுக்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்துவதும் அதனால்தான்.

கூடாது: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி 'வண்டி நிக்கலைன்னா ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு' என்று பார்க்கும் பழைய வித்தையை யாரையும் செய்ய விடாதீர்கள். மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-லிருந்து 1996 வரை மோட்டார் சைக்கிள் செய்தது. அந்தத் தலைமுறை வண்டிகளிலும் பழைய அம்பாசிடரிலும் இருந்தது டைனமோ. இன்றும் மூத்த மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரை 'டைனமோ' என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் இந்த வித்தையால் கெட்டுப்போக வண்டியில் எலக்ட்ரானிக்ஸே இல்லை. இன்று அப்படியல்ல. பேட்டரி திடீரென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ஒரு கணம் பல மடங்கு எகிறும். ரெகுலேட்டரோடு போனால் பரவாயில்லை, ஈ.சி.யு. போனால் ஆல்டர்னேட்டர் விலை நகைப்பாகிவிடும்.

கூடாது: புது வண்டிகளில் மீட்டர் 12.8 காட்டியதும் 'சார்ஜ் ஆகலை' என்று முடிவு கட்டக் கூடாது. பல கார்களில் இப்போது ஈ.சி.யு.தான் ஆல்டர்னேட்டரை ஆட்டிவைக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் வோல்டேஜைக் குறைத்து எரிபொருளை மிச்சம் பிடிக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஏற்றும். ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் போட்டுப் பார்த்து, ஸ்கேனர் வைத்து எரர் கோட் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

பேட்டரியையும் தனியாக லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரு செல் செத்த பேட்டரி, ஆல்டர்னேட்டரை இரவும் பகலும் முழு லோடில் ஓட வைத்தே கொல்லும். அதை விட்டுவிட்டுப் புது ஆல்டர்னேட்டர் மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

ஏன் போச்சு என்று பாருங்கள்

கழற்றிய ஆல்டர்னேட்டரை மெக்கானிக் மேஜையில் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பின் மூடியைத் திறந்ததும் கறுப்புத் தூள் கொட்டினால் அது பிரஷ் தேய்ந்த தூள், வயசாகிவிட்டது, அவ்வளவுதான். ஸ்லிப் ரிங்கில் நகத்தை வைத்தால் பள்ளம் தட்டும். ஸ்டேட்டர் காயில் மூன்று பிரிவும் ஒரே மாதிரி கருகியிருந்தால் நெடுநாள் ஓவர்லோட். ஒரு பிரிவு மட்டும் கருகியிருந்தால் டயோடு ஷார்ட் ஆகி அதை எரித்திருக்கிறது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் விஷயமே வேறு.

அந்த எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டாடா இண்டிகா டீசல், சுமோ, மஹிந்திரா பொலிரோ என்று பல பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்குவம் பம்ப் உட்கார்ந்திருக்கும். பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சுவிசை தருவது அதுதான். அதற்கு இன்ஜின் ஆயில் ஒரு சின்ன ஹோஸ் வழியாக வந்து போகிறது. அதன் ஆயில் சீல் கிழிந்தால் ஆயில் நேராக ஆல்டர்னேட்டருக்குள் இறங்கிப் பிரஷ்ஷை ஊறவைத்துவிடும். பிரஷ் மட்டும் மாற்றிக் கொடுத்தால் சில வாரத்தில் மறுபடி அதே விளக்கு. அதைவிட முக்கியம் பிரேக். ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டும்போது வேக்குவம் ஹோஸ் சரியாக உட்காராவிட்டாலோ, பம்ப் பலவீனமாக இருந்தாலோ பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது தெரியும். ஆகவே இந்த வகை வண்டியில் ஆல்டர்னேட்டரில் கை வைத்தால், இன்ஜினை அணைத்த நிலையில் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து இறுக்கி, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி தானாகக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

கூடாது: இன்ஜின் அறையில் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள். தசராவின் ஆயுத பூஜைக்கு மைசூரில் கழுவாத வண்டி இருக்காது. சர்வீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசை நிற்கும், வேகமாக முடிக்க பானட்டைத் திறந்து பீய்ச்சுவார்கள். ஆல்டர்னேட்டர் காற்றோட்டத்துக்காக ஓட்டைகளோடு செய்யப்பட்டது, தண்ணீருக்கு அது திறந்த வாசல். டீசல் வாஷ் இன்னும் மோசம், டீசல் காய்வதே இல்லை. சந்தனமும் குங்குமமும் பானட்டின் மேலே போதும்.

அதே தசராவின் இன்னொரு தொந்தரவு நெரிசல். அரண்மனையின் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகளைப் பார்க்க ஊரே வண்டியெடுத்து வரும். ஏசி, ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் எல்லாம் ஓட, வண்டி மணிக்கணக்கில் ஐடிலில் நகரும். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழு ஆம்பியரைத் தருவதில்லை, அதன் சொந்த ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. இதற்கு மேல் 100/90 வாட் பல்பும், டிக்கியில் ஆம்ப்ளிஃபையரும் வைத்திருப்பவர்கள் ஏன் போச்சு என்று கேட்கவே வேண்டாம்.

புதுசா, ரீகண்டிஷனா, ரிப்பேரா

என் கட்சி இது: நீங்கள் மைசூர்வாசி, மெக்கானிக்கை உங்களுக்குத் தெரியும், போனது பிரஷ், பேரிங், ரெகுலேட்டர் இவற்றில் ஒன்று என்றால் ரிப்பேர்தான் புத்திசாலித்தனம். நீங்கள் கோயம்புத்தூருக்கோ ஈரோட்டுக்கோ போகிற வழியில் நின்றவர் என்றால் கம்பெனி பெட்டியில் வரும் புதுசுதான். ரீகண்டிஷன் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கேரண்டி அவர் கடை வாசலோடு முடிகிறது. அதைக் காட்ட இருநூறு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும்.

வேண்டும்: வண்டியில் முதலில் வந்த கம்பெனி எது என்று பழைய ஆல்டர்னேட்டரின் ஸ்டிக்கரில் பாருங்கள். சென்னை பாடியில் 1960-களிலிருந்து செய்யும் லூகாஸ் டிவிஎஸ், பெங்களூரின் எஸ்.இ.ஜி. (2018 வரை இது பாஷ் நிறுவனத்தின் பிரிவு), வாலியோ, டென்சோ இவற்றில் ஒன்றாகப் பெரும்பாலும் இருக்கும். அதே கம்பெனியின் பொருளை கார் கம்பெனியின் பெட்டியில் வாங்குவதற்கும் அவர்களுடைய சொந்தப் பெட்டியில் வாங்குவதற்கும் விலை வேறுபடும். உள்ளே இருப்பது பல சமயம் ஒன்றேதான். ஷோரூமில் கேட்டுவிட்டு அவர்களுடைய டீலரிடமும் கேளுங்கள்.

வேண்டும்: ரீகண்டிஷன் என்றால் எதையெல்லாம் மாற்றினார்கள் என்று வாயால் அல்ல, பில்லில் எழுதி வாங்குங்கள். இரண்டு பேரிங், பிரஷ், ரெகுலேட்டர், டயோடு பிளேட் நான்கும் புதுசு, ஸ்லிப் ரிங் லேத்தில் சீவியது அல்லது புதுசு. இவ்வளவும் இருந்தால்தான் அது ரீகண்டிஷன். தண்ணீரில் கழுவி, சில்வர் பெயின்ட் அடித்து, ஒரு பிரஷ் போட்டதற்குப் பெயர் வேறு. பேரிங்கின் மேலேயே 6303, 6202 மாதிரி எண்ணும் கம்பெனிப் பெயரும் பொறித்திருக்கும். எண் மட்டும் இருந்து பெயர் இல்லாத பேரிங்கைத் திருப்பிக் கொடுங்கள். ரோட்டரை ஓம் மீட்டரில் பார்த்தால் இரண்டிலிருந்து ஐந்து ஓம் வரை காட்டும், பாடிக்கும் காயிலுக்கும் இடையே தொடர்பு இருக்கவே கூடாது. பெஞ்சில் வைத்துச் சுற்றி, லோடு கொடுத்து, எத்தனை ஆம்பியர் வருகிறது என்று க்ளாம்ப் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். காட்ட வசதியில்லாத கடையில் ரீகண்டிஷன் வாங்க வேண்டாம்.

கூடாது: ஸ்டேட்டர் கருகியிருந்தால் ரீவைண்டிங்கை ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டு மோட்டாரை ரீவைண்ட் செய்வது போலத்தானே என்பார்கள். கம்பியை அதே நெருக்கத்தில் பள்ளத்துக்குள் திணித்து, வார்னிஷில் ஊற வைத்துச் சூட்டில் காய வைக்கும் வசதி இருக்கிற கடை அபூர்வம். மணிக்கணக்கில் நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில் அது நிற்க வேண்டும். கருகினால் மாற்றிவிடுவதே மேல். ரிப்பேர் மதிப்பீடு புதுசின் விலையில் பாதியைத் தொட்டாலும் புதுசுதான்.

பழைய இரும்புக் கடை பொருள் பற்றி ஒரு வரி: கம்பெனியே நிறுத்திவிட்ட மாடல் என்றால் சென்னைப் புதுப்பேட்டைதான் வழி. அதையும் அப்படியே மாட்டாமல், வாங்கி வந்து பேரிங்கும் பிரஷும் மாற்றி மாட்டுங்கள்.

பெயரில்லாப் பெட்டியில் 'ஓ.இ. குவாலிட்டி' என்று மட்டும் எழுதிய மலிவுப் பொருள் வேண்டவே வேண்டாம்.

அளவு பார்த்து வாங்குங்கள்

வேண்டும்: வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் பழையதைக் கையில் எடுத்துப் போய் ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் ஏசி உள்ளதற்கும் இல்லாததற்கும் ஆம்பியர் வேறு. குறைந்ததை மாட்டினால் முதல் கோடையிலேயே சாகும். புல்லியின் பள்ளம் நான்கா ஆறா, ஆல்டர்னேட்டர் முகத்திலிருந்து புல்லி எவ்வளவு வெளியே நிற்கிறது, மாட்டும் காதின் அகலம், பின்னால் உள்ள பிளக்கின் பின்கள் எல்லாம் பொருந்த வேண்டும். டீசல் வண்டிகள் சிலவற்றில் 'டபிள்யூ' என்றொரு டெர்மினல் இருக்கும், ஆர்.பி.எம். மீட்டருக்கு அதிலிருந்துதான் தகவல் போகிறது. அது இல்லாத ஆல்டர்னேட்டரை மாட்டினால் சார்ஜ் ஆகும், முள் செத்துக் கிடக்கும்.

வேண்டும்: புல்லியை ஒரு கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் ரோட்டரோடு சேர்ந்து சுற்றி, மறு பக்கம் சும்மா சுற்றினால் அது க்ளட்ச் புல்லி. டீசல் இன்ஜினின் உதறலைப் பெல்ட்டுக்குப் போகாமல் தடுப்பது அது. விலை அதிகம் என்று அதன் இடத்தில் சாதா புல்லி போட்டுத் தருவார்கள். பெல்ட் துள்ளும், டென்ஷனர் சீக்கிரம் போகும்.

கூடாது: 'பெரிசாப் போட்டுடலாம் சார்' என்பதற்கு மயங்கக் கூடாது. அதிக ஆம்பியர் வேண்டுமானால் கேபிளும் மெயின் ஃபியூஸும் சேர்ந்து பெரிதாக வேண்டும்.

மாட்டும்போது

வேண்டும்: முதல் வேலை பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. பி பிளஸ் ஒயரில் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும். ஸ்பேனர் ஒரு முனையில் ஸ்டட்டையும் மறு முனையில் பாடியையும் தொட்டால் தீப்பொறி அல்ல, தீயே வரும். ஒயர்கள் எது எங்கே என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் உட்காரும் இடத்தின் துருவையும் பெயின்டையும் சுரண்டச் சொல்லுங்கள், எர்த் அந்த வழியாகத்தான் போகிறது.

வேண்டும்: பெல்ட்டைப் புதிதாக மாற்றுங்கள். எல்லாம் கழன்று கிடக்கும்போது கூலி இல்லாமல் முடிகிற வேலை இது.

கூடாது: பெல்ட்டை இறுக்க ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடம்பில் கடப்பாரை கொடுக்க விடாதீர்கள், விரிசல் விடும். அளவு மீறி இறுக்கினால் முன் பேரிங் போகும். கையால் இறுக்கும் வகைப் பெல்ட், நடுவில் கட்டை விரலால் அழுத்தும்போது சுமார் பத்து மில்லிமீட்டர் இறங்கினால் போதும்.

கூடாது: செத்த பேட்டரியோடு ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்து 'ஓட ஓட ஏறிக்கும்' என்று அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆல்டர்னேட்டர் இருப்பது பேட்டரியை நிறைந்த நிலையில் வைத்திருக்க, காலியை நிரப்ப அல்ல. புது ஆல்டர்னேட்டர் முதல் நாளே மணிக்கணக்கில் முழு ஆம்பியரில் வெந்து போகும். இரவு முழுக்கச் சார்ஜரில் போட்டு, காலையில் மாட்டச் சொல்லுங்கள். பந்திப்பூர் கேட் எப்படியும் ஆறு மணிக்குத்தான் திறக்கும்.

சுசூகியின் எஸ்.எச்.வி.எஸ். போன்ற மைல்ட் ஹைப்ரிட் வண்டிகளில் ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் இருப்பது ஸ்டார்ட்டராகவும் வேலை செய்யும் வேறு சாதனம். ரோட்டோரக் கடையில் அதைத் திறக்கவே கூடாது, கம்பெனி சர்வீஸுக்கே போகட்டும்.

மாட்டிய பின், பணம் கொடுக்கும் முன்

விளக்கு அணைந்துவிட்டது என்பது மட்டும் போதாது. மேலே சொன்ன வோல்டேஜ் சோதனையை ஐடிலில் ஒரு முறை, லோடோடு ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து, மைனஸ் கேபிளில் மில்லிஆம்பியர் அளந்தால் ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் டயோடு கசிகிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி ராத்திரியில் தானாகக் காலியாகும். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து பி பிளஸ் முனையைக் கவனியுங்கள். ரப்பர் மூடி இளகியிருந்தாலோ கருகிய நாற்றம் வந்தாலோ நட்டு தளர்வு. புது பெல்ட் இருநூறு முந்நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை இறுக்கம் பாருங்கள்.

பில், பழசு, கேரண்டி

வேண்டும்: பழைய ஆல்டர்னேட்டருக்கு விலை உண்டு, செம்பும் அலுமினியமும் கிலோக்கணக்கில் இருக்கிறது. ரீகண்டிஷன்காரருக்கு அது அடுத்த சரக்கு. கொடுத்துவிட்டு விலையில் கழிக்கச் சொல்லுங்கள், அல்லது டிக்கியில் போட்டு எடுத்து வாருங்கள். மைசூரில் பெரும்பாலும் தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். தேவைப்பட்டால் 'ஹளே பார்ட் கொடி, பில் கொடி' என்ற இரண்டு கன்னட வாக்கியம் போதும்.

கூடாது: 'பில் இல்லாம குறைச்சுத் தரேன்' என்பதை ஏற்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. மிச்சம் பிடிக்கும் தொகை முன்புபோல் பெரிதல்ல. பில்லில் ஆல்டர்னேட்டரின் சீரியல் எண், மாட்டிய தேதி, ஓடிய கிலோமீட்டர், எத்தனை மாத கேரண்டி எல்லாம் இருக்க வேண்டும். பேட்டரி சோதித்த முடிவையும் எழுதி வாங்குங்கள், 'உங்க பேட்டரியாலதான் போச்சு' என்று பிற்பாடு தட்டிக்கழிக்க முடியாது. கேரண்டிக் காலத்தில் வேறு யாரும் திருகாணியைத் திறக்கக் கூடாது.

கடைக்காரர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லுங்கள். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. மைசூரில் வாங்கிய ஆல்டர்னேட்டருக்கு ஈரோட்டிலிருந்தே மனு கொடுக்கலாம். மனுவோடு அந்த பில்லின் நகலை இணைக்க வேண்டும்.